சக்திமானுக்கு ஏன் தலை சுற்றவில்லை?

கதை எழுதிப் பிழைக்கிற எவருக்கும் இரண்டு விதமான வாசகர்கள் உண்டு. "பிரமாதம்! ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்று எழுதுகிறவர் ஒருவர். "ஐயா, மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி ரயில் ஏறினபோது அமாவாசை. மறுநாள் இறங்கினபோது பால் போல நிலாக் காய்கிறது. இது எந்த ஊர்ப் பஞ்சாங்கம்?" என்று கேட்கிறவர் மற்றவர்.

முதலாமவர் கடிதம் வந்தால் மனத்துக்கு இதமாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் என் மரியாதை முழுவதும் இரண்டாமவருக்குத்தான். அமாவாசையை ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பவர் கதாநாயகியோடு தாமும் ரயில் ஏறியிருக்கிறார் என்று அர்த்தம். ஏறாதவருக்கு ஆகாயத்தில் நிலா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இந்த ஞானம் எனக்கு எந்த இலக்கியக் கூட்டத்திலும் கிடைக்கவில்லை. ராஜபாளையத்தில், நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் கிடைத்தது.

1997-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தூர்தர்ஷனில் 'சக்திமான்' என்று ஒரு தொடர் ஆரம்பமாயிற்று. 2005 வரை நடந்தது. யோகப் பயிற்சியால் குண்டலினியை எழுப்பி, பஞ்ச பூதங்களின் பலத்தையும் பெற்ற ஒரு மனிதர், அநியாயம் நடக்கிற இடத்துக்கெல்லாம் பம்பரம் போலச் சுழன்று பறந்து வந்து ஜனங்களைக் காப்பாற்றுவார். மற்ற நேரத்தில் அவர் கங்காதர் என்ற பெயரில் ஒரு பத்திரிகையில் புகைப்படக்காரர். எடுப்பான பல், மூக்குக் கண்ணாடி, எண்ணெய் வழிகிற தலை. இரண்டு வேஷமும் முகேஷ் கன்னா. பத்து வருஷத்துக்கு முன்னால் 'மகாபாரத'த் தொடரில் பீஷ்மராக வந்து நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கைகூப்ப வைத்தாரே, அதே மனிதர்தான்.

என் நண்பர் ஒரு நூற்பாலையில் கணக்கராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் ஆனால் அவர் வீட்டில் கூட்டம் கூடிவிடும். பக்கத்து வீட்டு ராஜு குடும்பத்துப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது தெலுங்கு. நண்பருடைய தங்கையின் குடும்பம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்துவிடும். எல்லோரும் சேர்ந்து பார்க்கிற தொடரோ இந்தியில். கூடத்தில் இருந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆகவே, கதையில் பாதி பம்பாயில் தயாராயிற்று என்றால் மீதிப் பாதி அந்தக் கூடத்திலேயே தயாராயிற்று.

தொடர் முடிந்ததும் பெட்டியை அணைப்பார்கள். அதற்கப்புறம்தான் உண்மையான நிகழ்ச்சி ஆரம்பமாகும். ராஜபாளையம் ஒரு கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் எதிர்க் கட்சி.

முதல் வழக்கு கீதா விசுவாஸைப் பற்றியது. கீதா, கங்காதர் வேலை செய்யும் அதே பத்திரிகையின் நிருபர், கெட்டிக்காரப் பெண். ஊர் உலகத்து ரகசியங்களையெல்லாம் துப்பறிந்து எழுதுகிறவளுக்கு, பக்கத்து நாற்காலிக்காரன்தான் சக்திமான் என்பது எப்படித் தெரியாமல் போகும்? ஒரு மூக்குக் கண்ணாடியும் நாலு பல்லும் போதுமா? "அவளுக்கு மூளை அவ்வளவுதான்" என்றது ராஜபாளையம். "அவளுக்கு எப்பவோ தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவன் வேறு ஊருக்குப் போய்விடுவான். அதனால்தான் பேசாமல் இருக்கிறாள்" என்றது ஸ்ரீவில்லிபுத்தூர். அப்படிச் சொன்னது நண்பருடைய தங்கை மகள். வயது பன்னிரண்டு இருக்கும். ஒரு நாவலாசிரியனுக்கு ஆறு அத்தியாயத்துக்குப் போதுமான விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவள் பால்கோவாவை எடுத்துக் கொண்டாள்.

ஆரம்பத்தில் கீதாவாக நடித்தவர் கிட்டு கித்வானி. சில வாரங்களுக்குப் பின் வைஷ்ணவி மகந்த் அந்த வேஷத்துக்கு வந்தார். ஒரு வாரம் ஒரு முகம், அடுத்த வாரம் வேறு முகம். கங்காதரோ துளிக்கூட ஆச்சரியப்படவில்லை! இந்தச் சிக்கலை ஆலைத் தொழிலாளி ஒருவர் வெகு சுலபமாகத் தீர்த்து வைத்தார்: "இதிலே என்ன அண்ணாச்சி இருக்கு? ஷிப்டு மாறியிருக்கு, அவ்வளவுதான்."

சக்திமானுக்கு ஏன் தலை சுற்றுவதில்லை என்ற பெரிய கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். பஞ்சுத் திரியை இழுத்தால் பிய்ந்து கையோடு வந்துவிடும். அதையே கதிரில் மாட்டி நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேல் முறுக்கினால் நூலாகி, வேட்டியாகி, வருஷக் கணக்கில் உழைக்கிறது. முறுக்கு ஏற ஏற நூலுக்குப் பலம். சக்திமானுக்கும் அப்படித்தான். இந்த விளக்கத்துக்கு அன்று எதிர்க் கட்சியும் கை தட்டியது. தொடரை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. அதற்கு ராஜபாளையத்தில் பிறந்திருக்க வேண்டும்!

இடையிடையே கரண்ட் போய்விடும். சக்திமானின் பரம விரோதியான தம்ராஜ் கில்விஷ் இருளுக்கு அதிபதி. விளக்கு அணைந்ததும் பிள்ளைகள் ஒரே குரலில், "கில்விஷ் ஜெயித்துவிட்டான்!" என்று கத்துவார்கள். மின்சார வாரியத்துக்கு அந்த வீட்டில் வைத்திருந்த பெயர் அது.

வாதம் என்பது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிய விஷயம் அல்ல. மதுரைக்குப் போய், பாண்டியன் சபையில் வித்துவான்களை வென்று பொற்கிழியோடு திரும்பிய பெரியாழ்வாரின் ஊரல்லவா ஸ்ரீவில்லிபுத்தூர்! என் நண்பர் தலைமுறைக்கும் ஒரு வழக்கு இருந்தது. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. அதன் 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்து வளர்ந்தவர் அவர். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் மறையாது. சரி, அவர் போட்டிருக்கிற சட்டை எப்படி மறைகிறது? எச்.ஜி.வெல்ஸ் 1897-ல் எழுதிய நாவலில் கண்ணுக்குத் தெரியாத மனிதன், பாவம், குளிரில் துணியில்லாமல் திரிந்தான். வெல்ஸுக்கு இருந்த நியாயம் மாயாவியின் சிருஷ்டிகர்த்தாக்களுக்கு இல்லையே என்று, தலை நரைத்த பிறகும் அவர் குறைப்பட்டுக்கொள்வார். ஆனால் அந்தப் புத்தகங்களை இரவல் கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டார்.

பெரிய எழுத்தாளர்கள் யாரும் இந்த வாசகர்களிடமிருந்து தப்பியதில்லை. டாக்டர் வாட்ஸனுக்கு யுத்தத்தில் குண்டுபட்டது ஒரு கதையில் தோளில். அடுத்த கதையில் காலில். ஷெர்லக் ஹோம்ஸ் பக்தர்கள் இன்று வரை அந்தக் குண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 'டான் க்விக்ஸோட்'டின் முதல் பாகத்தில் சாங்கோவின் கழுதை திருட்டுப் போகிறது. கொஞ்ச தூரம் போனதும் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறான்! வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில், செர்வாண்டிஸ் அந்தக் கேள்வியைக் கதாபாத்திரங்களையே கேட்க வைத்து, அச்சுக்கோத்தவன் தலையிலும் கொஞ்சம் பழியைப் போட்டார். நம் கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1954-ல் முடித்தபோது வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவள் என்ன ஆனாள் என்ற கேள்விகளுக்கெல்லாம் முடிவுரை ஒன்று எழுத வேண்டியதாயிற்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. திரைப்படம் இரண்டு பாகமாக வந்த பிறகும் வரவில்லை.

இதெல்லாம் பொழுதுபோகாதவர்களின் வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக அடுத்த சம்பவத்தைச் சொல்கிறேன்.

அந்த வருஷங்களில் பத்திரிகைகளில் கவலை தரும் செய்திகள் வந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் உயிரோடு விளையாடுகிறார்கள் என்று எழுதினார்கள். தொடரை நிறுத்த வேண்டும் என்று குரல் எழுந்தது. அந்தச் செய்திகள் உண்மையல்ல என்று முகேஷ் கன்னா மறுத்தார். ஆனாலும் அவரே திரையில் தோன்றி, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அதையும் இந்தியில்தான் சொன்னார்.

1998-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. படம் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கமாகத் திருப்ப, நண்பரின் கடைசிப் பையனை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். அவனுக்கு ஏழு வயது. கீழேயிருந்து, "போதும், தெரியுது!" என்று கத்தினார்கள். படம் தெளிந்துவிட்டது, பையன் இறங்கி வரவில்லை. கதை சுவாரஸ்யத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தங்கை மகள்தான் எழுந்து போனாள். வெற்றிலை துப்புவதற்காக எழுந்த நானும் பின்னாலேயே படியேறினேன்.

பையன் கைப்பிடிச் சுவரின் மேல், கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கீழே கருங்கல் பாவிய முற்றம்.

"மதினி, நான் குதிச்சா சக்திமான் வந்து பிடிச்சிருவாருல்ல?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பெண் கத்தவில்லை, ஓடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாதத்தில் பேசுகிற அதே குரலில், நடந்துகொண்டே பேசினாள்.

"வருவாரு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்குடா. இந்த நேரத்திலே அவரு கீழே டிவியிலே சண்டை போட்டுக்கிட்டு இருக்காரே, அதை விட்டுட்டு எப்படி வருவாரு?"

பையன் யோசித்தான். "ஒரே நேரத்திலே ரெண்டு இடத்திலே இருக்க முடியாதா அவராலே?"

"முடியும்னா, கங்காதரும் சக்திமானும் ஏன் ஒரு நாளும் சேர்ந்து வர மாட்டேங்கிறாங்க?"

நியாயமான கேள்வி. அவன் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவள் அவனுடைய சட்டையைப் பிடித்துவிட்டாள். அவனை உள்ளே இழுத்து இறக்கிய பிறகு அவள் கை நடுங்கியது. படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

கீழே ஒரே அமளி. பையனுக்கு முதுகில் இரண்டு விழுந்தன. மாடிக் கதவுக்கு அன்றே பூட்டு வந்தது. "இந்தப் பெட்டியே இனிமேல் வேண்டாம், தூக்கிக் குப்பையில் போடு" என்றாள் பாட்டி. பீஷ்மரைக் கும்பிட்ட அதே பாட்டி! நண்பர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு சட்டம் போட்டார். சக்திமானைப் பார்க்கலாம், ஆனால் முடிந்ததும் ஆளுக்கு ஒரு சந்தேகமாவது கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அடுத்த வாரம் அனுமதி கிடையாது. ஏழு வயதுக்காரனுக்கும் விலக்கு இல்லை.

முதல் வாரம் பையன் முழித்தான். இரண்டாம் வாரம், "சக்திமான் சட்டையை யார் துவைக்கிறது?" என்று கேட்டான். நான்காம் வாரத்துக்குள் அவனைப் போலக் குறுக்கு விசாரணை செய்கிறவர் இரு கட்சியிலும் கிடையாது. ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகும் அவனுக்குச் சக்திமானிடம் பிரியம் ஒரு மாற்றுக் குறையவில்லை. சக்திமான் அடிபட்டால் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்பான்.

குற்றம் கண்டுபிடித்தால் ரசனை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெறும் நம்பிக்கை மட்டும் இருந்தபோது அந்தப் பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்ததும், சக்திமான் அவனுக்கு இன்னும் வேண்டியவரானார். முற்றத்துக் கருங்கல்லும் கருங்கல்லாகவே தெரிந்தது. இரண்டும் ஒரே மனத்தில் சண்டையில்லாமல் குடியிருக்க முடிகிறது. கம்பராமாயண மேடைகளில் மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா என்று காலங்காலமாகக் கட்சி கட்டி வாதாடுகிறவர்கள், கூட்டம் கலைந்ததும் ராம ராம என்று சொல்லிக்கொண்டுதானே வீடு திரும்புகிறார்கள்? நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது.

2020-ம் வருஷம் ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, தூர்தர்ஷன் சக்திமானை மறுபடியும் ஒளிபரப்பியது. அன்றைய பிள்ளைகள் இப்போது பெற்றோர்கள். நண்பர் டெலிபோனில் சொன்னார்: ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பஸ் இல்லை, ஆனால் வழக்கு மட்டும் செல்போனில் நடந்துகொண்டிருக்கிறதாம். கீதாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது இன்னும் முடிவாகவில்லை. சந்தேகம் கேட்டால்தான் பெட்டி முன்னால் உட்காரலாம் என்ற சட்டமும் அமலில் இருக்கிறதாம்.

ஆகையால், வாசக நேயர்களே, அடுத்த முறை யாருடைய நாவலிலாவது அமாவாசைக்கு மறுநாள் நிலாக் காய்ந்தால் தயங்காமல் ஒரு தபால் எழுதிப் போடுங்கள். எழுத்தாளர் முதலில் முகத்தைச் சுளிப்பார். பிறகு, நம்மோடு யாரோ ரயில் ஏறியிருக்கிறார்கள் என்று தெரிந்து சந்தோஷப்படுவார்.