சிங்கம் பார்க்கப் போன இடத்தில்

"ஆப்பிரிக்காவுக்கா?" என்றார் என் மாமியார். சேர்த்துவைத்த பணத்தில் ஒரே ஒருமுறை வெளிநாடு போவதென்றால் சிங்கப்பூர் இருக்கிறது, சுவிட்சர்லாந்து இருக்கிறது. "போட்டோவாவது நல்லா வரும்மா" என்று வருத்தப்பட்டார். தில்லியில் என் அலுவலகத்திலும் இதே கதைதான். ஒருவர், பாதுகாப்பு எப்படி என்றார். இன்னொருவர், சாப்பிட என்ன கிடைக்கும் என்றார்.

பத்து நாள் போய்த் திரும்பிய பிறகும் கேள்விகள் ஓயவில்லை. ஏன் தான்சானியா என்பதற்கு என் காரணங்களை எழுதிவிடுகிறேன். ஒன்றைத் தவிர மற்றவை சுலபமானவை.

முதல் காரணம், காடும் கடலும் ஒரே நாட்டில் கிடைப்பது. கென்யாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் இந்த வசதி உண்டுதான். ஆனால் செரெங்கெட்டி சமவெளியில் வாரம் முழுக்கப் புழுதி குடித்துவிட்டு, அருஷாவில் சிறு விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஸான்ஸிபார் தீவில் இறங்கிவிடலாம். ஒரே விசா போதும்.

இரண்டாவது, பருவம். நம் பள்ளிக்கூட விடுமுறையை நம்பி ஏப்ரல், மே மாதங்களில் போகக் கூடாது. அங்கே அது பெருமழைக் காலம். ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம்; மாரா நதியை மந்தைகள் கடக்கும் காட்சியும் அப்போதுதான். நாங்கள் போனது பிப்ரவரியில். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் தெற்குச் சமவெளியில் கன்று ஈனும் சமயம். மாட்டின் கொம்பு, குதிரையின் வால், ஆட்டின் தாடி என்று மிச்சம் மீதியில் செய்தது போன்ற பிராணி. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது. நிற்காவிட்டால் சற்றுத் தள்ளி கழுதைப்புலி காத்திருக்கிறது.

அடுத்து ங்கொரொங்கொரோ. சொல்லின் முதலில் 'ங' வருவது அபூர்வம் என்று எம்.ஏ. தமிழில் படித்த எனக்கு அந்தப் பெயரே ஒரு சுற்றுலா. எரிமலை தன்மேலேயே சரிந்து உண்டான பள்ளம். ஆழம் சுமார் 600 மீட்டர், பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். யானையும் சிங்கமும் காண்டாமிருகமும் ஒரே நாளில் கண்ணில் படக்கூடிய இடம்.

சுற்றுலாப் பிரசுரங்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. 1959இல் செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டுத்தான் அது மனிதர் வாழாத பூங்காவானது. அவர்களுக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட இடம் ங்கொரொங்கொரோ. 2022 முதல் அங்கிருந்தும் பல குடும்பங்கள் தொலைவிலுள்ள ம்சோமேரா கிராமத்துக்கு இடம் மாறியிருக்கின்றன. விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு. விரட்டப்படுகிறோம் என்கிறார்கள் மாசாய்கள் பலர். டிக்கெட் வாங்கும்போது இதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது காரணம், மொழி. 'சஃபாரி' என்றால் சுவாஹிலியில் வெறும் பயணம்தான், சிங்கம் அவசியமில்லை. காசு 'பெசா', வண்டி 'காரி', காப்பீடு 'பீமா', லட்சம் 'லக்கி'. தேநீர் 'சாய்', கூடவே 'சப்பாத்தி'. சாப்பிட என்ன கிடைக்கும் என்று கேட்டவருக்கு இதுதான் பதில். எங்கள் டிரைவர் என்னை 'தாதா' என்றே கூப்பிட்டார். வங்காளத்தில் அண்ணன், தமிழ் சினிமாவில் ரவுடி, சுவாஹிலியில் அக்கா!

மொழிபெயர்ப்பாளருக்கு அந்த நாட்டின்மேல் தனிப் பிரியம் வர இன்னொரு காரணமும் உண்டு. நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரெரே ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தவர். 'ஜூலியஸ் சீசர்' 1963இல் வந்தது. 1969இல் 'வெனிஸ் நகர வணிகன்' அவர் கையில் 'வெனிஸ் முதலாளிகள்' ஆனது. ஆட்சியில் இருந்துகொண்டே இதைச் செய்தார் என்பதை என் எடிட்டரிடம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் வேலை கொடுத்துவிடுவார்.

சுலபமில்லாத காரணத்துக்கு வருகிறேன்.

2016 ஜனவரி 31 அன்று பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவரை ஒரு கும்பல் தாக்கியது. சூடான் மாணவர் ஒருவரின் கார் மோதிப் பெண் ஒருவர் இறந்ததற்கு, சம்பந்தமே இல்லாமல் அந்த வழியே வந்த இவர் அகப்பட்டார். அவருடைய காரையும் எரித்தார்கள். அந்தச் செய்தியை நான் தமிழாக்கினேன். கை நடுங்க, கோபத்தோடு செய்தேன் என்பது நினைவிருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடி வீட்டைப் பார்க்க இரண்டு ஆப்பிரிக்க மாணவர்கள் வந்தார்கள். சங்கக் கூட்டத்தில் வேண்டாம் என்று முடிவாயிற்று. வீட்டு உரிமையாளருக்கு மனம் நோகாமல் கடிதம் எழுத வேண்டும். எனக்கு மொழி நன்றாக வரும் என்று என்னிடம் கொடுத்தார்கள். எழுதினேன். 'குடும்பங்கள் வசிக்கும் குடியிருப்பு' என்ற சொற்களே போதுமாக இருந்தன. நாசூக்காக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

தான்சானியாவைத் தேர்ந்தெடுத்ததில் அந்தக் கடிதத்துக்கும் பங்கு உண்டு. ஏதோ ஒரு பரிகாரம் என்று நினைத்திருக்கலாம். பரிகாரத்தை டூர் பாக்கேஜில் விற்பதில்லை என்பது ங்கொரொங்கொரோவில் மதியச் சாப்பாட்டின்போது புரிந்தது. நீர்யானைகள் கிடந்த குட்டையருகே டிரைவர் மெதுவாகக் கேட்டார்.

"தாதா, என் அக்கா மகள் இந்தியாவில் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறாள். பெங்களூர் அல்லது தில்லி. அக்கா பயப்படுகிறாள். அனுப்பலாமா?"

தைரியமாக அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பாதுகாப்பு எப்படி என்று தில்லியில் என்னைக் கேட்டவரின் ஞாபகமும் வந்தது. கல்லூரி பற்றிச் சொன்னேன், என் போன் நம்பரைக் கொடுத்தேன். பிறகு கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். என் கணவர் நீர்யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போலே, தாதா" என்றார். அடிபட்டவர்களுக்கு, இழப்பில் இருப்பவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லும் சொல் அது. எனக்கு ஏன் சொன்னார்? எத்தனையோ சொற்களைத் தமிழாக்கியிருக்கிறேன். இதற்கு இன்னும் சரியான சொல் அகப்படவில்லை.

ஸான்ஸிபாரின் வெள்ளை மணலும் பச்சைக் கடலும் படங்களில் உள்ளபடியே இருந்தன. வாடைக்காற்றைப் பிடித்து நம் கரையிலிருந்து பாய்மரக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த தீவு அது. ஸ்டோன் டவுனில், 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இன்று தேவாலயம் நிற்கிறது. சுல்தானின் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து, உள்நாட்டுக்குப் போன வணிகக் கூட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் கச்சிலிருந்து போன நம்மவர்களும் உண்டு. கணக்கு பழையதுதான். ஆனால் நான் எழுதிய கடிதம் பழையதல்ல.

போக நினைப்பவர்களுக்கு: மலேரியா மாத்திரை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுபோகாதீர்கள். 2019 முதல் தடை. ஸான்ஸிபாருக்கு 2024 அக்டோபர் முதல் தனிக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமூ' சொல்லுங்கள். 'மரஹபா' என்று மனம் குளிர்வார்கள்.

திரும்பி வந்ததும் மூன்றாவது மாடி வீடு மறுபடி காலியாக இருந்தது. இனி அப்படிக் கடிதம் எழுத மாட்டேன் என்று சங்கச் செயலரிடம் சொன்னேன். "பரவாயில்லை மேடம், உங்கள் பழைய கடிதமே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைத்தான் இப்போதும் அனுப்புகிறோம்" என்றார்.

அதை அழிக்கச் சொல்லி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நாசூக்கு இல்லாமல்.