தணிகைப் படிகள்

சூரபதுமனோடு போர் முடித்த முருகப்பெருமான் சினம் தணிந்து எழுந்தருளிய தலம் திருத்தணிகை. அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படுவது. அடிவாரத்திலிருந்து சந்நிதிக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாள்களையே அவை குறிக்கின்றன என்பர் அடியார்கள். மலைமேல் வாகனங்கள் செல்லும் பாதையும் உண்டு.

அரக்கோணத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாதந்தோறும் கிருத்திகையன்று அப்படிகளில் ஏறி, முருகனுக்கு மாலை சமர்ப்பிப்பதை நெடுங்கால நியமமாகக் கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்த பின்னர், மகன் அவரைக் காரில் மலைமேல் அழைத்துச் செல்லலானார். தரிசனம் குறைவின்றிக் கிடைத்தது. ஆயினும் நியமம் தவறிவிட்டதே என்னும் ஏக்கம் பெரியவரை விட்டு அகலவில்லை.

அவருக்கு மற்றொரு கவலையும் இருந்தது. பேரன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். காலையில் பள்ளி வாகனம், மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி என்று நாள்கள் கழிந்தன. பள்ளியில் விளையாட்டுக்கென ஒதுக்கிய வேளையையும் பெரும்பாலும் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. மாடிப்படி ஏறினாலே சிறுவனுக்கு மூச்சு வாங்கியது. "உன் வயதில் நான் எத்தனை மைல் நடந்தேன் தெரியுமா?" என்று பெரியவர் நாள்தோறும் கடிந்துகொள்வார். சிறுவன் மறுமொழி கூறாமல் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வான்.

இது ஒரு வீட்டின் கவலை மட்டுமன்று. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் மாணவர்களைப் பற்றி அதன் ஆய்வாளர்கள் 2019-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 11 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை என்று அது கண்டது. பெண் பிள்ளைகளில் இத்தொகை 85.

ஒரு கிருத்திகையன்று அடிவாரத்தில் பெரியவர் காரை நிறுத்தச் சொன்னார். மாலையைப் பேரனிடம் நீட்டினார். "கண்ணா, என் கால்கள் ஒத்துழைக்கவில்லை. இதை என் சார்பில் படியேறிக் கொண்டுபோய்ச் சேர்ப்பாயா? உனக்கு விருப்பமில்லையென்றால் எப்போதும்போல் காரிலேயே போகலாம்" என்றார். அவர் குரலில் அன்று கடிதல் இல்லை. சிறுவன் சற்றே தயங்கிப் பின் மாலையை வாங்கிக்கொண்டான். "களைத்தால் உட்கார்ந்து ஏறு. அவசரமில்லை. முருகன் காத்திருப்பான்."

நெடுநேரம் கழித்து அவன் இறங்கி வந்தான். சட்டை நனைந்திருந்தது. நெற்றியில் திருநீறு துலங்கியது. 'இவ்வளவு நேரமா?' என்னும் சொல் பெரியவரின் நாவரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "முருகன் எப்படியிருந்தான்?" என்று வினவினார்.

"உங்கள் மாலையைச் சாத்தினார்கள், தாத்தா. ஆறு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினேன்."

"நானும் முதன்முறை அப்படித்தான்" என்றார் பெரியவர்.

அடுத்த கிருத்திகைக்கு முந்தைய நாளே, "மாலை வாங்கியாயிற்றா?" என்று சிறுவனே கேட்டான். அம்முறை உட்கார்ந்தது நான்கு இடத்தில். அதற்கடுத்து இரண்டே இடத்தில். ஒருவரும் சொல்லாமலே அவன் காலையில் அரைமணி நேரம் நடக்கத் தொடங்கினான். பந்தய வீரனாகிவிடவில்லை. ஆயினும் மாடிப்படியில் இப்போது அவனுக்கு மூச்சு வாங்குவதில்லை.

மனிதரின் ஊக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் அதற்கு மூன்று வேர்களைக் கூறினர். தானே விரும்பித் தேர்ந்தேன் என்னும் உணர்வு, என்னால் இயலும் என்னும் நம்பிக்கை, என்னை வேண்டுவோர் உளர் என்னும் உறவு ஆகியவை அவை. கடிந்துரைத்த நாள்களில் பெரியவர் இம்மூன்றில் ஒன்றையும் தந்தாரில்லை. ஒரு மாலையை நீட்டியபோது மூன்றையும் சேர்த்தே தந்தார்.

உடம்பினுள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டு அதனைப் பேணியவர் திருமூலர். 1897-இல் சென்னையில் உரையாற்றிய சுவாமி விவேகானந்தரோ, இளைஞர்கள் முதலில் உடல்வலிமை பெறட்டும், பின்னர் கீதை நன்கு விளங்கும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். நம் பெரியோருக்கு உடலும் பக்தியும் வேறு வேறாகத் தோன்றவில்லை.

பேரப்பிள்ளைகளைப் பெற்ற பெரியோர், கோயிலுக்குச் செல்லுகையில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம். பிராகாரத்தை ஒருமுறை கூடுதலாக வலம் வரலாம். நடக்க இயலாதவர்கள், தம் நேர்த்தியை நிறைவேற்றும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் அன்போடு ஒப்படைக்கலாம்.

கிருத்திகைதோறும் அப்பெரியவர் இன்றும் அடிவாரத்தில் அமர்ந்து படிகளை நோக்கியிருக்கிறார். முருகன் சினம் தணிந்த மலையில் தம் சினமும் தணிந்தது என்று கூறிக் கைகூப்புகிறார்.