துறைமுகச் சாலையில் ஒரு தலை வாங்கலாமா?

கிள்ளானுக்கு வரும் நம்மவர்கள் லிட்டில் இந்தியாவில் சேலையும் பூவும் வாங்கி, வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். துறைமுகம் பக்கம் போனால் இன்னொரு உலகம் இருக்கிறது. டயர்க் கடை, வெல்டிங் பட்டறை, நாசி லெமாக் ஒட்டுக்கடை, இவற்றுக்கு நடுவே தூசி படிந்து நிற்கும் பழைய பிரைம் மூவர்கள். வால்வோ, ஸ்கேனியா, ஹீனோ. டிரெய்லர் இல்லாத அந்த முன்பாகத்தை ஓட்டுநர்கள் 'தலை' என்றே சொல்வார்கள்.

1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் பெற்றிருந்த இந்தத் துறைமுகத்தில் சம்பளத்துக்கு லோரி ஓட்டும் நம் பிள்ளைகள் பலருக்கு, சொந்தமாக ஒரு தலை என்பதுதான் கனவு. புதியது எட்டாது. பத்துப் பதினைந்து வருடம் ஓடியதுதான் கைக்கு அடக்கம்.

பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். குனிந்து சேசிஸில் துருவும் வெல்டிங் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்; சூடேற்றி வைத்த இன்ஜின் பல நோய்களை மறைக்கும். எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? உள்ளே தேய்மானம் அதிகம். காற்றுத் தொட்டி நிரம்பியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு முள்ளைக் கவனியுங்கள். சரசரவென்று இறங்கினால் எங்கோ கசிவு. காற்று முழுக்கப் போனால் பிரேக் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும்.

வாங்குவதைவிட வைத்துக் காப்பதுதான் பெரும்பாடு. தலைக்குப் பத்து, மூன்று அச்சு டிரெய்லருக்குப் பன்னிரண்டு என்று 22 டயர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் சோதனை. பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' பிரிவு உரிமம் வேண்டும். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, சரக்கு வண்டிகளுக்கான மானிய அட்டைதான் பலருக்குக் கைகொடுத்தது. அதைப் பெறவும் பத்திரங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன் கிராண்டைப் பாருங்கள்.

பட்டறையில் கிடக்கும் வண்டி சம்பாதிக்காது. ஆனால் மாதத் தவணை நிற்காது. கையில் உள்ளதையெல்லாம் முன்பணமாகக் கொட்டாமல், பழுதுக்கென்று ஒரு தொகையை வீட்டில் ஒதுக்கி வைத்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார்.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து இறங்கும்போது, பாரம் ஏற்றிய பழைய டிரெய்லர் ஒன்று குறைந்த கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகக் கூடாது என்பதற்காகவே அந்த நிதானம். பின்னாலிருந்து ஹாரன் அடிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் முதல் மொத்தமும் உங்கள் முன்னே இறங்கிக்கொண்டிருக்கிறது.