பெயரும் இலச்சினையும்

உலகுருண்டையைச் சூழ்ந்த தழல்நிற நரியை இலச்சினையாகவுடைய பயர்பாக்ஸ் என்னும் மென்பொருளை யாம் நாடோறும் ஆள்கின்றோம். அதன் மூலநிரலை எவரும் திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஆயின் பெயரும் இலச்சினையும் மொசில்லாவின் வணிகக்குறிகளாம். டெபியன் குழுவினர், இலச்சினை கட்டற்ற உரிமத்துள் அடங்காமையின், அதனை நீக்கிப் பெயரை மட்டும் வழங்கினர். இலச்சினையின்றிப் பெயர் வழங்கலாகாதெனவும், திருத்தங்கட்குத் தம் இசைவு வேண்டுமெனவும் மொசில்லாவினர் உரைத்தனர். அதனால் 2006-இல் டெபியனார் அதனை ஐஸ்வீசல் எனப் பெயர் மாற்றி வழங்கினர். 2016-இல் இருதிறத்தாரும் உடன்படப் பழம்பெயர் மீண்டது.

பொருளை ஈந்தவர் பெயரை மறுத்தல் ஈகைக்கு இழுக்கென்பாருளர். யாம் அவ்வாறு கருதேம். பெயராவது, இஃது இன்னார் செய்தது என்னும் சான்று. பிறர் திருத்தத்தான் வரும் பிழைக்கு அவர் பழி சுமத்தல் முறையோ? திருத்தினோர் வேறு பெயரால் வழங்கத் தடையின்மையால் உரிமையும் குன்றிற்றிலது. அன்பர்காள், ஒருவர் ஈந்த பொருளைக் கொள்க. அவர் முகத்தைக் கொள்ளற்க.