தாழ அமர்ந்து இடும் சோறு

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங்கில் நான் தங்கிய விடுதியை நடத்துகிற அம்மாவிடம், "நாளைக் காலை நானும் பிக்குகளுக்குச் சோறு போடலாமா?" என்று கேட்டேன். மகிழ்ந்து சம்மதிப்பார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே சற்றுப் பார்த்தார். "கும்பிடவா, பார்க்கவா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. "பார்க்க என்றால் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். அதுவும் மரியாதைதான்" என்று சொல்லிவிட்டு அரிசி ஊறவைக்கப் போய்விட்டார்.

சுருக்கென்றது. சோறு போட வந்தவனை யாராவது தடுப்பார்களா? எங்கள் ஊர்க் கோயிலில் அன்னதானத்துக்கு நூறு ரூபாய் கொடுத்தாலே ரசீது எழுதி, பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கொடுக்கிறவன் உயர்ந்தவன் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவன் நான். கோபம் ஆறாமலேதான் விடியுமுன் எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்கள் பாயில் மண்டியிட்டிருந்தார்கள். தோளில் குறுக்காக ஒரு துண்டு. முன்னால் மூங்கில் கூடையில் ஆவி பறக்கும் பசையரிசிச் சோறு. பிக்குகள் வெறுங்காலில் வரிசையாக வந்தார்கள். மூத்தவர்கள் முன்னால், சிறுவர்களான சாமணேரர்கள் கடைசியில். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சிறு உருண்டை விழுந்தது. யாரும் பேசவில்லை. வாங்கியவர் நன்றி சொல்லவில்லை, முகம் பார்க்கவும் இல்லை. இட்டவர்தான் கை குவித்தார். வாங்குகிறவர் நிமிர்ந்து நடக்க, கொடுக்கிறவர் தாழ அமர்ந்திருக்கும் ஈகையை அன்றுதான் கண்டேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வரிசை திரும்பும் இடத்தில் ஏழைக் குழந்தைகள் சிலர் காலிக் கூடைகளோடு மண்டியிட்டிருந்தார்கள். ஒரு சாமணேரன் தன் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி அள்ளி ஒரு சிறுமியின் கூடையில் போட்டான். அடுத்தவனும் போட்டான். சாமணேரர்களில் பலரே படிப்புக்காகத் துவராடை உடுத்திய ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள். எனக்கு மணிமேகலை நினைவு வந்தது. ஆதிரை கையால் முதல் பிச்சை ஏற்ற பிறகுதானே அமுதசுரபி பசித்தவர்க்கெல்லாம் சோறு சுரந்தது! பள்ளியில் அதை அற்புதக் கதையாகப் படித்தேன். இங்கே அது தினசரி வழக்கமாக, கண்ணெதிரே நடக்கிறது.

அப்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. விலகி நில்லுங்கள், பேசாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள் என்று ஊரெங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். இறங்கியவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஒருவர் குந்தி உட்கார்ந்து, ஒரு சிறுவனின் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தார். பையன் கண்ணை மூடிக்கொண்டே நடந்தான்.

விடுதிக்குத் திரும்பினால் அதே பசையரிசிச் சோறு, மிளகாய்த் துவையலோடு. உருட்டித் தொட்டுச் சாப்பிட்டபடியே அந்த ஃபிளாஷைப் பற்றிச் சொன்னேன். உடன் தங்கியிருந்த ஒருவர், "1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், பயணிகள் காசில் பிழைக்கிறது, படம் எடுத்தால் என்ன?" என்றார். காசு பொய்யில்லை, நாங்கள் உட்கார்ந்திருந்த மேசையே அதில் வந்ததுதான். ஆனால் பிக்குகளுக்கு இடும் சோற்றைப் பயணிகளுக்காக யாரும் வைக்கவில்லை. 1975-இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் பிக்குகளுக்கு உணவிடுவதைத் தடைசெய்தார்கள். மக்கள் விட்டுக்கொடுக்காததால் 1976 முடிவதற்குள் அந்தத் தடை விலகியது. அரசிடமே விட்டுக்கொடுக்காததை நம் கேமராவுக்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு வளர்ந்தது.

படம்தான் வேண்டுமென்றால் இதே தெருவின் கோடியில் பதினாறாம் நூற்றாண்டின் சியெங் தோங் கோயில் இருக்கிறது. அதன் பின்சுவரில் கண்ணாடிச் சில்லுகளால் இழைத்த மரத்தை வெளியே நின்று பகலெல்லாம் எடுக்கலாம். அந்தப் பையன்களுக்கோ நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. இந்த நடை முடிந்தால்தான் அன்றைய முதல் கவளம்.