வாசம் இல்லாத பருவம்

மார்கழி 4

காய்ச்சல் விட்டு எட்டு நாளாகிறது. மூக்கு இன்னும் திரும்பவில்லை. அடைப்பு இல்லை, சளி இல்லை. காற்று தாராளமாகப் போய் வருகிறது, வெறும் காற்றாக. இன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பால் சுண்டி, அடிப்பிடித்து, பாத்திரமே கருகிவிட்டது. திண்ணையிலிருந்து அத்தை கத்தினார்: "என்ன தாயி, வீட்டக் கொளுத்தப் பாக்குறியா?"

சொன்னால் எல்லோரும் "சரியாப் போயிரும்" என்கிறார்கள். அதனால் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறேன்.

மார்கழி 6

கொல்லையில் டிசம்பர் பூ கொட்டிக் கிடக்கிறது. ஊதா ஒரு செடி, வெள்ளை ஒரு செடி, வெள்ளையில் ஊதா வரி ஓடுவது இன்னொன்று. தொடுக்கப் பொறுமை வேண்டும். நாரைக் கொஞ்சம் இறுக்கினால் அறுந்து கையோடு வரும். மூக்குக்கு வேலையே வைக்காத பூ. கனகாம்பரமும் அந்த ஜாதிதான். இரண்டையும் மாற்றி மாற்றித் தொடுத்தேன். இந்த மாதத்தை ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

மல்லிகை குச்சி குச்சியாக நிற்கிறது. கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணி, ஆட்டுப் புழுக்கை போட்டது. அது பூக்கும்போது?

மார்கழி 11

டாக்டர் நான்கு வாசனை எழுதிக் கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி மோந்து, அதன் பழைய வாசத்தை மனசுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும். 12 வாரம். மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்புகள் மறுபடி முளைக்கக்கூடியவையாம். "கவாத்து பண்ணிருக்குன்னு நெனச்சுக்கோ" என்றார் இவர், வண்டியை எடுத்தபடி. இவருக்கென்ன.

மார்கழி 12

நான்கு டப்பா. நான்கு பூஜ்ஜியம்.

போகி

காப்புக் கட்டுக்குப் பூளைப்பூ, ஆவாரை, வேப்பிலை எல்லாம் வந்தாயிற்று. மல்லிகைதான் இல்லை. நிலக்கோட்டைச் சந்தையில் கிலோ ஆயிரங்களில் நிற்கிறதாம். "பனிக்கு மொட்டே வைக்கலக்கா" என்கிறார் பூக்காரம்மா. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லிதான். பனிக்கு அது தெரியுமா? பிடிவாதமாக ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன். வைத்ததே மறந்துபோய், மத்தியானம் படுத்தபோது நசுங்கிவிட்டது.

தை 9

மாலைப் பயிற்சிக்கு டப்பாக்களோடு ஒரு கொத்து மரிக்கொழுந்தும் கிள்ளி எடுத்து வந்தேன். வருகிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அத்தையிடம் நீட்டி, "இது எப்பிடி இருக்கு, சொல்லுங்க" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பார்க்கக் கூடாது. அறுபது வருஷப் பழக்கம். மாமா போய் 19 வருஷம் ஆகிறது. அன்றோடு அவர் தலையில் பூ ஏறவில்லை. தொடுப்பது மட்டும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, என் தலைக்கு, பேத்தி சடைக்கு, எல்லாம் அவர் கைதான்.

"இது சாமிக்கில்ல அத்தை. வைத்தியத்துக்கு."

அப்புறம் வாங்கினார். உள்ளங்கையில் கசக்கி, முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். 20 விநாடி தாண்டியும் எடுக்கவில்லை.

"மரிக்கொழுந்துக்கு மரிக்கொழுந்து வாசந்தான். வேறென்ன?"

"அப்பிடின்னா எனக்கு எப்பிடித் தெரியும்?"

கொஞ்ச நேரம் கழித்து, "மழ பெஞ்ச அன்னைக்கி ஒங்க மாமா வெத்தலப் பொட்டியத் தெறந்தா வருமே, அது" என்றார். அந்தப் பெட்டியை நான் பரணில்தான் பார்த்திருக்கிறேன்.

தை 10

"தைலத்துக்கு நேரமாகலயா?" ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

தை 24

சாமந்தி ஓய்ந்தது. பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டேன். இடுப்பு வலி.

மாசி 3

வந்துவிட்டது, தப்பாக. காபி டிகாஷனில் டயர் எரிகிற நாற்றம். வெங்காயம் வதக்கினால் குமட்டுகிறது. போனில் கேட்டால், நரம்பு துளிர்க்கிறது, நல்ல அறிகுறி என்கிறார் டாக்டர். நல்லதுக்கு இப்படியா நாறும்? சமையலை இவர் தலையில் கட்டிவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மரம் முழுக்கப் பூ, பூ முழுக்கத் தேனீ. அந்த இரைச்சலைக் கேட்டால் போதுமாக இருந்தது.

மாசி 14

மல்லிகையில் மொட்டு. இரண்டில் ஓட்டை, உள்ளே மொட்டுப்புழு. கிள்ளி எறிந்தேன். மற்றதைப் பற்றி எழுத மனசில்லை.

மாசி 22

விடியுமுன் பறித்தது 11 மொட்டு. மாலையில் தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். ஆறரைக்குள் எல்லாம் அவிழ்ந்துவிட்டன. கண் எடுக்காமல் பார்த்தும், எந்த நொடியில் என்று பிடிக்க முடியவில்லை. மூக்கில் ஒன்றுமில்லை. நாற்றமாவது வந்திருக்கலாம்.

"வருதா அத்தை?"

"வருது."

"எப்பிடி?"

கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பதில் சொல்லவில்லை.

பங்குனி 2

தலையணைகளை வெயிலில் போட எடுத்தேன். அத்தை தலையணைக்கு அடியில் நான்கு மல்லிகை, பழுப்பேறி, தட்டையாக. தலையணையை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டேன். மற்றவற்றை மட்டும் மாடிக்குக் கொண்டுபோனேன்.

பங்குனி 6

12 வாரம் முடிந்தது. கிராம்பு டப்பாவில் ஏதோ தட்டுகிறது. கிராம்பு என்று தெரிந்து மோந்ததாலும் இருக்கலாம். இவரை டப்பா மாற்றித் தரச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தேன். நான்கில் ஒன்று சரி.

மொட்டு 43. சாமிக்குத் தொடுத்தது போக மீந்த உதிரியைத் தட்டோடு திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வேப்பம்பூ உதிர ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு மரத்தடியில் பழைய சேலை விரிக்க வேண்டும்.