உரிமையாளர் யார்?

பழம்பொருளைப் பேணுவதில் மனிதனுக்கு ஒரு தனி இன்பம் இருக்கிறது. பாட்டனாரின் கைத்தடியும் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியும் இன்று எந்த வேலைக்கும் உதவாதவை. ஆயினும் அவற்றைத் தூக்கியெறிய மனம் வருவதில்லை. நம் இல்லத்தில் அவ்வாறு நின்றுவிட்ட பொருள் ஒரு கார். பழைய கார்களின் உரிமையாளர்கள் அகில இந்திய அளவில் கூடும் ஒரு கூட்டத்திற்கு, 2025 பிப்ரவரியில், ஷஃபான் மாதத்தில், அதை ஓட்டிச் சென்று வந்தோம். பரிசு ஏதும் கிட்டவில்லை. ஆனால் இருபத்தேழு ஆண்டுகளாக நாம் நம்மையே கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி அங்கே நம்மிடம் கேட்கப்பட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மர்ஹூம் அத்தா அவர்கள் திருச்சிராப்பள்ளியில் தோல் வணிகம் செய்துவந்த காலத்தில், 1970ஆம் ஆண்டில், புதிதாக வாங்கியது. இங்கிலாந்தில் 1959இல் டிரயம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த வண்டி அது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் அதைத் தயாரித்தனர். சீமையில் ஓடிய ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தாம். பிள்ளைகுட்டிகளோடு ஏறி இறங்கும் நம் நாட்டுக் குடும்பத்திற்கு அது தோதுப்படாது என்று, பின்னாளில் நான்கு கதவு வைத்தவர்கள் வண்டலூர்க்காரர்களே. அந்த நான்கு கதவு ஹெரால்டு வேறெங்கும் பிறக்கவில்லை.

எஞ்சின் 948 சி.சி.; இன்றைய சிறு கார்களோடு ஒப்பிட்டால் வலுக் குறைந்தது. ஆனால் 25 அடி வட்டத்துக்குள் முழுமையாகத் திரும்பிவிடும். திருச்சியின் குறுகிய சந்துகளில் பெரிய கார்கள் முன்னும் பின்னும் நகர்ந்து அல்லற்படும்போது, அத்தா ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு வருவார்கள். முன்பக்கத்தைத் திறந்தால் பானட்டோடு இரு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் முழுவதும் கைக்கெட்டும். பின்புறத்து அச்சுதான் குறை. இரு பின் சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அமைப்பு. ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டும் உள்வாங்கித் தொங்கும். நம் சாலைகளுக்கும் நம் மிஸ்திரிகளுக்கும் அது ஒத்துவரவில்லை. 1972இல் வந்த கெஸல் காரில் அதை நீக்கி, வழக்கமான நேர் அச்சையே பொருத்தினார்கள்.

இவையெல்லாம் எல்லா ஹெரால்டுக்கும் உள்ளவை. நம் காருக்கு மட்டும் உள்ளது ஒன்று உண்டு. பின்கதவுகளின் கண்ணாடிக்கு மேல் இரண்டு பித்தளைக் கம்பிகள். அவற்றில் முன்னொரு காலத்தில் பச்சைத் துணித் திரைகள் தொங்கின. அக்கா அப்போது பெரிய பெண்ணாகியிருந்தார்கள். அந்நாளில் நம் குடும்பங்களில் பெண் பருவமடைந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். உறவினர்களும் அதையே எதிர்பார்த்தார்கள். அத்தா யாரோடும் வாதாடவில்லை. கடைத்தெரு ஆசாரியை அழைத்து வந்து கதவில் துளையிட்டு, இந்தக் கம்பிகளைப் பொருத்தினார்கள். மறுநாள் முதல் திரையிட்ட காரில் அக்கா பள்ளிக்குப் போனார்கள். நம் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் அவர்களே. பக்கத்து இருக்கையில் சிலேட்டுப் பலகையோடு அமர்ந்து போன சிறுவன் நாம்.

அம்மா 1991இலும் அத்தா 1998இலும் மவுத்தானார்கள். வாரிசுகள் அக்காவும் நாமும் மட்டுமே. ஆலிம் ஒருவரை வைத்து ஃபராயிள் சட்டப்படி பாகம் பிரித்தோம். வீடும் கடையும் ரொக்கமும் மூன்று பங்காகி, இரண்டு நமக்கும் ஒன்று அக்காவுக்கும் ஆயின. கார் அந்தக் கணக்கில் வரவில்லை. டயர்கள் நைந்து, தரைத்தகடு துருவேறி, காயலான் கடைக்குப் போகும் நிலையில் அது கொட்டகையில் கிடந்தது. அதற்கு ஒரு விலை உண்டென்று எவருக்கும் தோன்றவில்லை. பதிவுப் புத்தகத்தை நம் பெயருக்கு மாற்ற, ஆட்சேபணை இல்லையென்று ஒரு தாளில் அக்கா கையொப்பமிட்டார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2019இல் அதைச் சீராக்கத் தொடங்கினோம். சில உறுப்புகள் சென்னைப் புதுப்பேட்டையில் அகப்பட்டன; சில இங்கிலாந்திலிருந்து வந்தன. அந்நாட்டில் ஹெரால்டு இன்றும் பலரால் பேணப்படுவதால் ரப்பர் வளையம் முதல் கியர்ப் பற்கள் வரை கிடைக்கின்றன. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் கரைந்து கசியும் என்று மிஸ்திரி அனைத்தையும் மாற்றினார். தகடு வேலை செய்கையில், "பாய், இந்தக் கம்பியை எடுத்துட்டுத் துளையை அடைச்சிடலாமா? கம்பெனி வேலை இல்லையே இது" என்று கேட்டார். ஏனோ, வேண்டாம் என்றோம்.

கூட்டம் சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையோரம். ஒரு வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டோம். உடன் மிஸ்திரியும் வந்தார். மணிக்கு அறுபது கிலோ மீட்டருக்கு மேல் போகவில்லை. நம்மைக் கடந்து போன புதிய கார்களிலிருந்து பிள்ளைகள் கையசைத்தார்கள்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே வண்டி இருமிவிட்டு நின்றது. எஞ்சினின் வெப்பத்தில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி, கார்ப்பரேட்டருக்கு எண்ணெய் ஏறவில்லை. மிஸ்திரி துண்டு ஒன்றை நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார்; அரை மணியில் எஞ்சின் உயிர்பெற்றது. அத்தாவும் இப்படித்தான் துண்டை நனைத்துச் சுற்றுவார்கள். அந்த நினைவு வந்து சற்று நேரம் பேச்செழவில்லை. ஜும்ஆவைத் திண்டிவனத்தில் தொழுதோம். பள்ளிவாசல் வாயிலில் முதியவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு ஹெரால்டுக் கதை இருந்தது.

வண்டலூரைக் கடந்தபோது வேகத்தைக் குறைத்தோம். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை அந்நிறுவனம் வெளியிட்டது. அது விலைபோகவில்லை, 1988இல் கார் உற்பத்தியே நின்றது. தொழிற்சாலை இருந்த வட்டாரத்தில் இன்று உயர்ந்த அடுக்குக் கட்டடங்கள் நிற்கின்றன. தான் பிறந்த ஊரை அந்தக் கார் அடையாளம் கண்டிருக்க வழியில்லை.

இரவு குரோம்பேட்டையில் அக்காவின் இல்லத்தில் தங்கினோம். அறுபத்தேழு வயதாகும் அக்கா, விளக்கை எடுத்துவரச் சொல்லிக் காரைச் சுற்றி வந்தார்கள். பின்கதவைத் திறந்து, கம்பியை விரலால் தடவிப் பார்த்தார்கள். "இதை எடுக்கலையா நீ?" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் நம்மோடு வருவதாகவும் சொன்னார்கள்.

மைதானத்தில் பல மாநிலங்களின் வண்டிகள் வரிசையாக நின்றன: அம்பாசடர்கள், பத்மினிகள், மோரிஸ் மைனர்கள், போருக்கு முந்தைய அமெரிக்க வண்டிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அட்டை; அதில் வண்டியின் பெயர், ஆண்டு, உரிமையாளர் பெயர். நடுவர்கள் மூவர் வந்தார்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். கைவிளக்கோடு குனிந்து அடித்தகட்டை ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கோலத்திலேயே எவ்வளவு இருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். பின்கதவுக்கு வந்ததும் ஒருவர் கம்பியைச் சுட்டிக்காட்டினார். தொழிற்சாலையில் வைத்ததில்லை என்றோம். அவர் தாளில் குறித்துக்கொண்டு, பரிவோடு, "எடுத்துவிட்டு வந்திருக்கலாமே" என்றார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நண்பகலில் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 5 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதி வகுத்திருப்பதையும் எடுத்துரைத்தார். 20,000 ரூபாய் கட்டிப் பதிந்தால் 'வி.ஏ.' எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கும். அன்றாடம் ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு போகலாம். தாமே அப்படிப் பதிந்து பாதுகாப்பதாகக் கூறினார். பின்னர் முறையாகக் கேட்டார்: "உரிமையாளர் யார்? வேறு பங்குதாரர் உண்டா?"

"நாம்தான், வேறெவரும் இல்லை" என்று சொல்லிவிட்டோம். சொல்லிய கணமே பின்னிருக்கையில் இருப்பவர் நினைவு வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் மெல்ல ஏற்றிக்கொண்டார்கள்.

அன்று இஷாவுக்குப் பின் உறக்கம் வரவில்லை. அக்கா கையொப்பமிட்டது போக்குவரத்து அலுவலகத்துக்கான தாள். பெயர் மாற்ற இசைந்த தாளே தவிர, தம் பங்கை விட்டுக்கொடுத்த தாளன்று அது. 1998இல் கார் இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும். ஆயினும் நிஸா அத்தியாயத்தில் பங்குகளை வகுத்த இறைவன், பொருள் குறைவாயினும் மிகுதியாயினும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்றே விதித்திருக்கிறான். சிறு பொருளென்று நாம் ஒதுக்கியது நம் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு அமானிதமாக நம் கொட்டகையில் கிடந்திருக்கிறது. மட்கார்டு எதுவரை பழையது, மணியொலி புதியதா என்றெல்லாம் ஆறு ஆண்டுகள் ஆராய்ந்த நாம், யாருடையது என்பதை மட்டும் ஆராயவில்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பின், தேநீர் கொண்டுவந்த அக்காவிடம் இதைச் சொன்னோம். உதறிவிடுவார்கள் என்றே எண்ணினோம். நம் சகோதரிகள் அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்! அக்கா உட்கார்ந்தார்கள்.

"தம்பி, அன்னிக்கு நீ கேட்டிருந்தா, எடுத்துக்கோன்னு மனசார சொல்லியிருப்பேன். நீ கேக்கலையே. கேக்காமலே எனக்குப் பங்கில்லைன்னு ஆயிடுச்சு. காசுக்காகச் சொல்லலை. அத்தா அந்தக் கம்பியைப் போட்டது எனக்காக. அந்த வண்டியில எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு நீ நேத்து இன்னொருத்தர்கிட்டச் சொன்னப்பத்தான் வலிச்சுது."

நமக்குப் பேச நா எழவில்லை. மன்னிக்கக் கேட்டோம். மன்னித்தார்கள். "ஆனா எழுதிக் கொடு" என்றார்கள். அவர்கள் மேசையிலேயே தாளெடுத்து, மூன்றில் ஒரு பங்கு அக்காவுடையது, அவர்கள் இசைவின்றி விற்பதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டோம். சீராக்கச் செலவான தொகையை எவ்வாறு கணக்கிடுவது என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி நடப்பதென்றும் முடிவு செய்தோம். அக்கா தாளை இருமுறை படித்து, மடித்துத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண் அல்லவா!

இரண்டாம் நாள் மைதானத்தில், அட்டையிலிருந்த நம் பெயருக்குக் கீழே அக்காவின் பெயரையும் மையால் எழுதினோம். பெங்களூர் நண்பர் மீண்டும் வந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, விலையை அக்காவிடமே கேட்டார். "விக்கிறதா இல்லீங்க" என்றார்கள் அக்கா. நாம் அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கம்பிகளுக்காக மதிப்பெண் குறைந்து, நம் வகுப்பில் வேறொருவருக்குப் பரிசு போயிற்று. தகுதியான வண்டிதான் அது.

நம் இல்லங்களில் பாகம் பிரிக்கும்போது நிலமும் வீடும் கணக்கில் வந்துவிடுகின்றன. அண்டாவும் மரப்பெட்டியும் தையல் எந்திரமும் கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டியும் எவர் கையில் இருக்கின்றனவோ அவருடையனவாகிவிடுகின்றன. பெரும்பாலும் அந்தக் கை ஆணின் கையாகவே இருக்கிறது. சகோதரி கேட்கமாட்டாள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே நாமும் கேட்பதில்லை. கேட்டால் விட்டுக்கொடுப்பாள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆயினும் கேட்டுப் பெறுவதற்கும் கேளாமல் வைத்துக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை மறுமையில்தான் அளக்க நேரிடும். இவ்வுலகிலேயே அதை ஒருமுறை அளந்து பார்க்க வாய்ப்பளித்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

கார் இப்போதும் திருச்சியில்தான் நிற்கிறது. கம்பிகளில் மீண்டும் பச்சைத் திரை போட்டாயிற்று. துணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அதன் உரிமையாளர்.